இரண்டு ஸ்பூன் தேன் கெடுத்த அரைக் கிலோ கடலை

எங்கள் பழைய மிக்ஸி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நின்றுபோனது. ஜாருக்குள் பீநட் பட்டருக்காகப் போட்ட அரைக் கிலோ வறுத்த நிலக்கடலை. அடியிலிருந்து கருகல் வாடை. ஜாரைத் தூக்கிப் பார்த்தால், அடியில் பிளேடின் தண்டு சுழல்கிற புஷ் வழியாக எண்ணெய் கறுப்பாகக் கசிந்திருந்தது. அத்தை சமையலறை வாசலில் நின்று, "கண்ணு, நாளைக்குச் சட்னிக்கு என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார். பீநட் பட்டர் என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மகள் நீச்சல் பழகப் போக ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் பீநட் பட்டர் நுழைந்தது. நீந்திவிட்டு வந்தால் கொலைப் பசி. தோசை ஊற்றுவதற்குள் ரொட்டியில் தடவி இரண்டு துண்டு தின்றுவிடுவாள். பத்து நாளைக்கு ஒரு பாட்டில் காலி. ஒருநாள் லேபிளைப் படித்தேன். கடலைக்கு அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து ஹைட்ரஜனேற்றிய தாவர எண்ணெய். கடலையிலேயே கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தானே, இன்னும் எதற்கு எண்ணெய் என்று கோபம் வந்தது. அது எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் இருக்கச் சேர்ப்பது என்று அப்புறம் தெரிந்தது. 1920களில் அமெரிக்காவில் ஆரம்பித்த வழக்கம். பாட்டிலைக் கலக்க ஒரு ஸ்பூன் இருக்கிற வீட்டுக்கு அது தேவையில்லை. அந்த விலைக்கு ஒரு கிலோ கடலைக்கு மேலேயே வாங்கலாம் என்ற கணக்கு வேறு. உடனே ஜாரில் கொட்டிவிட்டேன்.

மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் மூடியைக் கழற்றி முகர்ந்துவிட்டு, "அக்கா, இதுல என்னத்தப் போட்டு ஆட்டுனீங்க?" என்றார்.

"கடலைங்க."

"சட்னிக்குங்களா?"

"இல்லைங்க. தண்ணியே ஊத்தாம, வெண்ணெய் மாதிரி வர்ற வரைக்கும்."

அவர் மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். ஒன்பது வருடம் வைத்திருந்தும் நான் படிக்காத ஸ்டிக்கர். 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நிறுத்தம் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன். சூடு ஏறினால் அது தானாக விழுந்து மோட்டாரைக் காப்பாற்றும். அன்று காலை அது இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் அமுக்கிவிட்டு மறுபடி ஓட்டியவள் நான்தான். மூன்றாவது முறை அது விழவில்லை, மோட்டாருக்குள் சுழல்கிற கம்பிச் சுருளான ஆர்மெச்சூர் போய்விட்டது. "பட்டன் விழுந்தா அரை மணி நேரம் விட்டுரோணுங்க்கா. அது சும்மா விழறதில்ல" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். கெட்டியான பொருளைத் தண்ணீர் இல்லாமல் அரைக்கும்போது மோட்டாரை விட முதலில் அடிபடுவது, ஜாரையும் மோட்டாரையும் இணைக்கிற கப்ளர். ஐம்பது நூறு ரூபாய்ப் பொருள். அது தேய்ந்தால் கடகடவென்று சத்தம் கொடுத்துச் சொல்லிவிடும். சத்தத்தை மதித்தால் மோட்டார் பிழைக்கும்.

ஆர்மெச்சூர் கட்டுகிற செலவுக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் புதிதே வாங்கலாம் என்று ஆனதால், அந்த மாதச் சம்பளத்தில் சட்னிக்கு ஒரு சாதா மிக்ஸியும், இரண்டு மாதம் கழித்துத் தவணையில் ஒரு ஃபுட் ப்ராசஸரும் வாங்கினேன். அத்தை அதைப் பார்த்து, "வாணலி மாதிரி அகலமா இருக்குது, இதுல என்னத்த அரையும்?" என்றார். அவர் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. நம் மிக்ஸி தேங்காயும் உளுந்தும் அரைக்கப் பிறந்தது. ஜார் குறுகல், வேகம் நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை. தண்ணீர் இருந்தால் சுழல் உண்டாகி எல்லாம் பிளேடுக்குத் திரும்ப வரும். தண்ணீர் இல்லாவிட்டால் பொருள் சுவரில் அப்பிக்கொள்ளும், பிளேடு வெறுங்காற்றில் சுற்றும், மோட்டார் சூடாகும். ஃபுட் ப்ராசஸர் பிரான்சில் ஓட்டல் சமையலறைகளுக்காகச் செய்த இயந்திரத்தின் வழி வந்தது. அதை வீட்டளவுக்குச் சிறிதாக்கி 1973ல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார்கள். பாத்திரம் அகலம், வேகம் பெரும்பாலும் 2,000 சுற்றுக்குள். நறுக்கும், பிசையும், பொறுமையாகப் புரட்டும். தோசை மாவு அரைக்கப் போனால் ஏமாற்றிவிடும்.

புது இயந்திரத்தில் முதல் முறை கடலை போட்டபோது நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் நிமிடம் பொடி. இட்லிப் பொடி மாதிரி உதிரி உதிரியாக. இரண்டாவது நிமிடம் அது ஈர மணல் போலக் கனத்தது. அப்புறம் எல்லாம் திரண்டு ஒரே உருண்டையாகி, பாத்திரத்துக்குள் தடதடவென்று முட்டிக்கொண்டு ஓடியது. இயந்திரமே மேடையில் நகர்ந்தது. பழைய மிக்ஸியில் நான் பயந்துபோய் எண்ணெய் ஊற்றியது இந்தக் கட்டத்தில்தான். அன்றைக்கு ஊற்றவில்லை. நிறுத்தினேன், ஓரத்தை வழித்துவிட்டேன், ஐந்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி ஓட்டினேன். உருண்டை பளபளக்க ஆரம்பித்தது. திடீரென்று ஒரு இடத்தில் உடைந்து, தளர்ந்து, பாத்திரத்தின் அடியில் பரவியது. அடுத்த இரண்டு நிமிடத்தில் தோசை மாவுப் பதம். வழிக்கிற நேரம், ஆறவிட்ட நேரம் போக மொத்தம் எட்டு ஒன்பது நிமிட ஓட்டம்தான். ஒரு சொட்டு எண்ணெய் சேர்க்கவில்லை. அரைபடும் சூட்டில் கடலையே தன் எண்ணெயை விட்டுவிடுகிறது. கடலை வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைத்தால் இன்னும் சீக்கிரம் விடும்.

அந்த சந்தோஷத்தில்தான் தேனை ஊற்றினேன். மகளுக்கு இனிப்பு வேண்டுமே என்று இரண்டு மேசைக்கரண்டி மலைத்தேன். இயந்திரம் நாலே சுற்றுச் சுற்றியது. பட்டுப்போல ஓடிக்கொண்டிருந்தது களிமண்ணாக இறுகி, ஓரத்தில் எண்ணெய் தனியாகக் கசிந்து நின்றது. இன்னும் கொஞ்சம் தேன் விட்டால் இளகும் என்று நினைத்து விட்டேன். இன்னும் இறுகியது. கரண்டி குத்தினால் நிற்கிறது.

மாமா காப்பி டம்ளரை வைக்க உள்ளே வந்தவர் எட்டிப் பார்த்தார். அவருடைய அப்பா முத்தூர் பக்கம் மாட்டுச்செக்கு ஓட்டியவர். சின்ன வயதில் மாமாவும் செக்கில் உட்கார்ந்து சுற்றியிருக்கிறார். சிரித்துக்கொண்டே, "அம்மிணி, எள்ளு ஆட்டறப்ப செக்குல கருப்பட்டி எதுக்குப் போடறோம்? ருசிக்கின்னா நெனச்சே?" என்றார். நான் ருசிக்கு என்றுதான் நினைத்திருந்தேன். எள் நசுங்கி விழுதாகிச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். எண்ணெய் அதற்குள்ளேயே கலந்து கிடக்கும், பிரியாது. கருப்பட்டியைப் போட்டு ஒரு கை தண்ணீரும் தெளித்தால் சக்கை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு புண்ணாக்காகும், எண்ணெய் வெளியே வந்து நிற்கும். கடலைக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும். "நீ இப்பப் பண்ணியிருக்கறது புண்ணாக்கு" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் விஷயம் எனக்கு இரண்டே வரியில் விளங்கிவிட்டது. நட் பட்டர் என்பது எண்ணெயில் மிதக்கிற தூள். அந்தத் தூளுக்கு எண்ணெயை விடத் தண்ணீர் மேல்தான் ஆசை. ஒரு துளி கிடைத்தாலும் எண்ணெயைத் தள்ளிவிட்டுத் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். தேனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். நாட்டுச் சர்க்கரையில் ஈரம் உண்டு, வெல்லத்தில் உண்டு, கழுவித் துடைக்காத கரண்டியிலும் உண்டு. இனிப்பு வேண்டுமென்றால் வெள்ளைச் சர்க்கரையைக் காய்ந்த ஜாரில் தனியாகப் பொடித்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். உப்பும் தூளுப்புதான், எங்கள் வீட்டுக் கல்லுப்பு ஈரம் கோத்தது, அதனால் அதை வாணலியில் ஒரு சுற்றுச் சூடாக்கித்தான் பொடிப்பேன். சாக்லேட் வேண்டுமென்றால் கோகோ பவுடர், பொடித்த சர்க்கரை, இறுகினால் ஒரு ஸ்பூன் எண்ணெய். பால் ஊற்றினால் முடிந்தது கதை.

கெட்டுப்போன அரைக் கிலோவை அத்தை வீணாக்க விடவில்லை. விதை நீக்கிய பேரீச்சம்பழம் ஒரு கைப்பிடி, ஏலக்காய், கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு போட்டு, கையில் எண்ணெய் ஒட்ட ஒட்ட உருண்டை பிடித்துவிட்டார். முப்பத்தோரு உருண்டை. மகள் பீநட் பட்டரை மறந்துவிட்டு அதைத்தான் டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் உருண்டைக்கென்றே தனியாகச் செய்கிறேன். 200 கிராம் வறுத்த கடலை, 200 கிராம் பேரீச்சை, சிட்டிகை உப்பு. கடலையை முதலில் கொரகொரப்பாக அடித்து எடுத்து வைத்துவிட்டு, பேரீச்சையைத் தனியாக மசித்து, அப்புறம் இரண்டையும் சேர்த்து விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். சேர்த்தே போட்டால் பேரீச்சை பிளேடைச் சுற்றிக் கொண்டை போட்டுக்கொள்ளும். பழம் காய்ந்திருந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டுத் துடைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஈரம் நம் பக்கம்.

இறுகிய விழுதைக் காப்பாற்ற இன்னொரு வழியும் உண்டு. தண்ணீரை இன்னும் கூட்டுவது. கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். கொஞ்சம் தண்ணீர் இறுக்கும்; நிறையத் தண்ணீர் இளக்கும். வெந்நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு ஓட்டினால் ஒரு கட்டத்தில் வெளிறி, வழவழப்பாகி, சாஸாக மாறிவிடும். சோயா சாஸ், எலுமிச்சை, பூண்டு, மிளகாய் சேர்த்தால் இந்தோனேசியாவில் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே கறிக்குத் தொட்டுக்கொள்கிற கடலை சாஸுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நாங்கள் பனீரைச் சுட்டுத் தொட்டுக்கொள்கிறோம். ஆனால் தண்ணீர் சேர்ந்த பிறகு அது பட்டர் இல்லை, குழம்பு மாதிரிதான். ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். தண்ணீர் படாத பட்டரோ காய்ந்த பாட்டிலில் வெளியிலேயே ஒரு மாதம் இருக்கிறது. சிக்கு வாடை அடித்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுவேன்.

கடலை வாங்குவதில் நான் கறாராகிவிட்டேன். எங்கள் பக்கம் கடலைக்காய், வடக்கே போனால் மல்லாக்கொட்டை. பெயர் எதுவானாலும், சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை படர்ந்தது ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. அந்தப் பூஞ்சை விடுகிற அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போவதில்லை. முறத்தில் கொட்டிப் பொறுக்குவதற்குக் கால் மணி நேரம் ஆகும். அந்த வேலையை மாமா டிவி பார்த்துக்கொண்டே செய்துவிடுகிறார். அடி கனமான வாணலியில் சிறு தீயில் பதினைந்து இருபது நிமிடம் வறுக்க வேண்டும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும், பச்சை வாடை பட்டர் முழுக்கப் பரவும். ஒன்றை இரண்டாகப் பிளந்து பார்த்தால் உள்பக்கமும் இளம் பழுப்பாக இருக்க வேண்டும். தோலைத் துணியில் போட்டுத் தேய்த்துப் புடைத்துவிடலாம். தோலோடு அரைத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, லேசாகத் துவர்க்கும்.

சாதா மிக்ஸி மட்டும் இருக்கிறவர்கள் இதற்காக இன்னொரு இயந்திரம் வாங்க வேண்டாம். 750 வாட் மிக்ஸியில், ஒரு தடவைக்கு 250 கிராம், பிளேடு மூழ்கும் அளவுள்ள ஜார், இருபது விநாடி ஓட்டி நிறுத்தி வழித்து, ஜாரின் அடியைத் தொட்டுப் பார்த்துச் சுட்டால் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். உருண்டைக் கட்டத்தைத் தாண்டவே மாட்டேன் என்றால் ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய் விடுவதில் மானம் ஒன்றும் போய்விடாது. முந்திரி இதைவிடச் சாது, சீக்கிரம் இளகும். பாதாம் பிடிவாதம், ஃபுட் ப்ராசஸரிலேயே கால் மணி நேரம் ஆகிறது, அதனால் வருடத்துக்கு ஒரு தடவைதான் செய்கிறேன். வெள்ளை எள்ளைப் பொரிய ஆரம்பித்த உடனே இறக்கிவிட வேண்டும், நிறம் மாறினால் கசக்கும். 200 கிராமுக்கு மூன்று கரண்டி எண்ணெய் விட்டு அரைத்தால் தஹினி. அதை வேகவைத்த கொண்டைக்கடலையோடு சேர்த்து, எலுமிச்சையும் இரண்டு ஐஸ் கட்டியும் போட்டு அடித்தால் ஹம்மஸ். ஐஸ் போட்டதும் வெளுத்துப் பஞ்சு மாதிரி ஆகிறதே, அதுவும் அந்தத் தண்ணீர் வேலைதான்.

தக்காளி சாஸுக்கு வருவோம். கிணத்துக்கடவு சந்தையில் தக்காளி விலை விழுகிற நாட்களில் மாமா ஒரு பெட்டியோடு வந்து நிற்பார். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தக்காளி இல்லாமல் ரசம் வைத்த வீடு எங்களுடையது. அதிலிருந்து மலிவாகக் கிடைத்தால் அவருக்குக் கை நிற்பதில்லை. முதல் வருடம் 3 கிலோவை வேகவைத்து, ஆறும் வரை பொறுக்காமல் மிக்ஸியில் முக்கால் ஜார் நிரப்பி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு விநாடி. மூடி என் கையைத் தள்ளிக்கொண்டு எழுந்தது, தக்காளி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. சூடான குழம்பு சுழலும்போது ஆவி ஒரேயடியாகக் கிளம்பும், மூடிய ஜாரில் அதற்குப் போக வழி இல்லை. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். தழும்பு இல்லை, ஆனால் கூரையில் ஒரு சிவப்புப் பொட்டு இன்னும் இருக்கிறது. இப்போது கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, பாதி ஜாருக்கு மேல் நிரப்பாமல்தான் ஓட்டுகிறேன்.

அன்றைக்கு மிச்சமிருந்ததை அரைத்ததில் இன்னொரு குறையும் தெரிந்தது. சாஸ் சிவப்பாக இல்லை, ரோஸ் நிறத்தில் நுரைத்துக்கொண்டு, லேசாகக் கசந்தது. மிக்ஸியின் வேகம் காற்றை உள்ளே அடித்துவிடுகிறது, விதையையும் உடைத்துவிடுகிறது. ஃபுட் ப்ராசஸரில் விட்டுவிட்டு ஓட்டிக் கண் சல்லடையில் தேய்த்து வடித்தால் விதை முழுதாக மேலே நிற்கும், நிறமும் நிற்கும். இதற்கு பெங்களூர் தக்காளி நல்லது, சதை அதிகம். நாட்டுத் தக்காளியில் ருசி கூட, ஆனால் சாறு ஓடிக்கொண்டே இருக்கும், கேஸும் ஓடிக்கொண்டே இருக்கும்.

என் அளவு இது. 3 கிலோ தக்காளிக்கு 150 கிராம் வெங்காயம், ஆறு பல் பூண்டு சேர்த்து வேகவைத்து அரைத்து வடிப்பேன். ஒரு துண்டு பட்டை, எட்டு கிராம்பு, கொஞ்சம் மிளகு, இரண்டு காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் வேட்டித் துணியில் முடிச்சாகக் கட்டி உள்ளே போட்டு, அகலமான பாத்திரத்தில் மூடாமல் சுண்டவைப்பேன். சர்க்கரை 200 கிராம். மூன்றில் ஒரு பங்கு பக்கம் வந்ததும் முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, 30 கிராம் உப்பும் 100 மில்லி வினிகரும். உப்பை முதலிலேயே ருசி பார்த்துப் போட்டால் சுண்டிச் சுண்டிக் கரித்துவிடும். வினிகரை முதலிலேயே ஊற்றினால் வீடு முழுக்கப் புளித்த வாடை, சாஸில் வினிகரின் புளிப்பு குறைந்துவிடும். பதம் பார்ப்பதற்கு ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு ஒரு நிமிடம் பார்த்தால் போதும். சொட்டைச் சுற்றித் தண்ணீர் வளையம் கட்டினால் இன்னும் வேலை இருக்கிறது. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர், அதை விரட்டுகிற வேலைதான் சாஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; கடைசி இருபது நிமிடம் எரிமலை மாதிரி தெறிக்கும், நீளக் கரண்டி வேண்டும். 3 கிலோவுக்கு ஒரு கிலோ வந்தால் பெரிது. கடையில் வாங்குவதை விட மலிவு என்று என்னால் சொல்ல முடியாது, கேஸையும் என் ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் சேர்த்தால் நஷ்டம்தான். ருசிக்காகத்தான் செய்கிறேன். வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் சூட்டோடு ஊற்றி ஃபிரிட்ஜில் ஒரு மாதம்.

பூண்டு மிளகாய் சாஸும் செய்வேன், பேடகி மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து எண்ணெயில் சுருள வதக்கி. அதில் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டியது. எண்ணெய்க்கு அடியில் மூழ்கிக் கிடக்கிற பூண்டை மேடை மேல் விட்டுவைக்கக்கூடாது. காற்றுப் புகாத இடத்தில் வளர்ந்து உணவை நஞ்சாக்குகிற பாட்டுலிசம் கிருமிக்கு அது தொட்டில். கொஞ்சமாகச் செய்து, வினிகர் சேர்த்து, ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்தில் தீர்த்துவிடுவோம்.

மகளிடம் கேட்டால் இந்த இயந்திரம் வாங்கியதே ஐஸ்கிரீமுக்கு என்பாள். நன்றாகப் பழுத்த மோரிஸ் வாழைப்பழம் நாலு, வட்டமாக வெட்டி ஃப்ரீசரில் ஆறு மணி நேரம். அப்படியே போட்டு ஓட்டினால் முதலில் உப்புமா மாதிரி உதிரும். பார்த்துவிட்டுப் பால் ஊற்றத் தோன்றும், ஊற்றக்கூடாது. மூன்றாவது நிமிடம் தானாகவே திரண்டு, கடையில் வாங்கியது போல வழுவழுவென்று வரும். ரஸ்தாளியில் செய்து பார்த்தோம், அந்தப் பழத்தில் சில சமயம் நடுவே கல் மாதிரி ஒரு கட்டி இருக்கும் அல்லவா, அது பல்லில் இடறியது.

பீநட் பட்டர் எடுத்த பிறகு பாத்திரத்தைக் கழுவுவதுதான் பெரிய தண்டனை. பிளேடின் கீழே, மூடியின் விளிம்பில், எங்கும் ஒட்டிக்கொண்டு, ஸ்க்ரப்பரையும் நாசம் செய்துவிடும். இதற்கு வழி கண்டுபிடித்தது அத்தைதான். வழித்தது போக ஒட்டியிருக்கிறதோடு நாலு வறுத்த மிளகாய், இரண்டு பல் பூண்டு, நெல்லிக்காய் அளவுக்குப் புளி, உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர் போட்டு ஓட்டிவிடச் சொன்னார். சுவரில் இருந்ததெல்லாம் ஒரு நிமிடத்தில் கரைந்து கீழே வந்துவிட்டது. மிளகாயும் புளியும் திப்பி திப்பியாகக் கிடந்ததைச் சின்ன ஜாருக்கு மாற்றி இன்னொரு சுற்று அரைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் கடலைச் சட்னி. இப்போதெல்லாம் நான் பட்டரைப் பாட்டிலில் வழித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுகிறார். "நல்லா வழிக்காத கண்ணு, கொஞ்சம் விடு" என்கிறார்.